ஊசி குத்தாமல் சீனி பார்க்கும் கடிகாரம் - வாங்கலாமா?

"கையில கட்டினாலே சீனி எவ்வளவுன்னு காட்டுற கடிகாரம் வந்திருக்காமே, வாங்கலாமா?" சீனி வியாதி உள்ளவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. வாங்க வேண்டாம் என்பதே எங்கள் பதில். ஏன் என்று சொல்கிறோம்.

நோயில்லாத ஒருவரின் உடம்பில் ஓடும் இரத்தம் முழுவதிலும் இருக்கும் சீனி ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிதான். இந்தச் சொற்ப அளவைத் தோலுக்கு வெளியே இருந்து ஒளியால் அளப்பது லேசான காரியமல்ல. வியர்வை, குளிர், தோலின் தடிப்பு எல்லாமே கணக்கைக் குழப்பிவிடும்.

2001இல் அமெரிக்காவில் குளுக்கோவாட்ச் என்ற கடிகாரத்துக்கு அனுமதி கிடைத்தது. மெல்லிய மின்சாரத்தால் தோல் வழியே சீனியை இழுத்து அளந்தது. ஆனால் தோல் சிவந்து அரித்தது. அதைச் சரிபார்க்க விரலிலும் குத்த வேண்டியிருந்தது. பிறகு விற்பனை நின்றுபோனது. தோலைத் துளைக்காமல் சீனி அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று 2024 பெப்ரவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

மேற்கையில் ஒட்டும் வில்லை வேறு. 2014இல் ஐரோப்பாவில் வந்த ப்ரீஸ்டைல் லிப்ரே அந்த வகை. அதன் மயிரிழை போன்ற நுனி தோலுக்குள் இருந்து 14 நாள் அளக்கும். அதுவும் இரத்தத்தை அல்ல, தசைநீரைத்தான் அளக்கிறது. சில நிமிடம் பிந்தியே காட்டும். விலையும் நம்ம கைக்கு எட்டாது.

கடிகாரம் பொய்யாகக் கூட்டிக் காட்டினால் இன்சுலினைக் கூட்டிப் போடுவோம். மலையில் கொழுந்து எடுக்கும்போதே மயங்கி விழலாம். குறைத்துக் காட்டினால் மாத்திரையை விட்டுவிடுவோம். கண்ணும் சிறுநீரகமும் காலும் கெட்டுப்போகும்.

ஆகவே கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். விரலில் குத்துமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். சீனி ஒட்டிய விரல் தப்புக் கணக்குக் காட்டும். நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. இன்சுலின் போடுகிறவர்கள் மலைக்குப் போகும்போது சீனிப் பொட்டலம் ஒன்றை மடியில் வைத்திருங்கள். உடம்பு நடுங்கி வியர்த்தால் மூன்று நான்கு தேக்கரண்டி உடனே சாப்பிட்டு உட்காருங்கள். பக்கத்து நிரையில் நிற்பவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.