தானியங்கி வலவன் தடுமாறும்போது

புலவர் பாடும் புகழுக்கு உரியோர், தம் கடமையை முடித்தபின், செலுத்துவோன் இன்றியே செல்லும் வான ஊர்தியை அடைவர் என்பது புறநானூற்றின் 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் கூறும் செய்தி. இதனைக் கொண்டு நம் முன்னோர் விமானம் சமைத்தனர் என மேடைகளில் முழங்குவாரும் உளர். அது புலவரின் கற்பனை வளமேயன்றிப் பொறியியற் சான்று அன்று. எனினும் 'வலவன்' என்னும் பழஞ்சொல் நமக்குப் பயன்படுகிறது. ஆட்டோபைலட் என வழங்கும் கருவியைத் தானியங்கி வலவன் எனலாம்.

1914ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் பாரிசு நகரின் அருகே, சேன் ஆற்றின் மேல் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்னும் இளைஞர் இக்கருவியை உலகுக்குக் காட்டினார். அவர் இரு கைகளையும் உயர்த்தி அமர்ந்திருக்க, அவருடைய துணைவர் இறக்கையின்மேல் ஏறி நின்றார்; விமானமோ சாயவில்லை. 1933இல் ஒற்றைக்கண்ணரான வைலி போஸ்ட் தன்னந்தனியாக உலகைச் சுற்றி வந்ததும் இக்கருவியின் துணையால்தான். 7 நாள் 19 மணி நேரத்திற்குள் முடிந்த அப்பயணத்தில், தானியங்கியைச் செப்பனிடவே அவர் பெர்லினிலும் மாஸ்கோவிலும் இர்குட்ஸ்கிலும் காத்திருக்க நேர்ந்தது. புதிய கருவிக்கே அந்நிலை என்றால், 1970களிலும் 1980களிலும் பொருத்தப்பட்டு இன்றும் சிறு தனியார் விமானங்களில் உழைக்கும் முதிய கருவிகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

குமராட்சி வட்டாரத்தில் வாழும் நமக்கு இதன் இயக்கம் விளங்க, வீராணம் ஏரி ஒன்றே போதும். அதன் முழு மட்டம் 47.50 அடி. மதகருகே உள்ள லஸ்கர் அளவுகோலைப் பார்க்கிறார், எவ்வளவு திறப்பது என முடிவு செய்கிறார், ஷட்டரைத் திருகுகிறார். பார்வை, முடிவு, செயல் என்னும் இம்மூன்றுமே தானியங்கி வலவன். அங்கே அளவுகோலின் இடத்தில் கைரோ எனப்படும் சுழலி. லஸ்கரின் இடத்தில் மின்னணுப் பெட்டி. ஷட்டரைத் திருகும் கையின் இடத்தில் கிளட்ச்சுடன் கூடிய சிறு மோட்டார். அளவுகோல் சேற்றில் அரையடி இறங்கிவிட்டதாகக் கொள்வோம். லஸ்கர் நேர்மையாக உழைத்தும் தண்ணீர் வீணாகும். அவரை மாற்றிப் பயன் என்ன?

பழைய தானியங்கியில் குறை தேடுவோர் பலர் இவ்விடத்தில்தான் இடறுகின்றனர். முதலில் பெட்டியைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்புகின்றனர். அதுவோ பெருந்தொகைக்கான ரசீதுடனும், 'குறை ஏதும் காணப்படவில்லை' என்னும் குறிப்புடனும் திரும்பி வருகிறது! நோயையும் அதன் முதற்காரணத்தையும் நாடியபின் மருந்தை நாடுக என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை. பொறிக்கும் அது பொருந்தும்.

விமானம் குறித்த திசையினின்று மெல்ல விலகுகிறதா? திசை காட்டும் சுழலியை நோக்குக. புவி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்வதால், குறையற்ற சுழலியும் நம் சிதம்பரத்தின் அகலாங்கில் மணிக்கு ஏறத்தாழ 3 பாகை விலகிக் காட்டும். லண்டனில் அது 12 பாகையை நெருங்கும். இதனைக் காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டு அவ்வப்போது சரிசெய்வது விமானியின் கடமை. கால் மணி நேரத்திலேயே 3 பாகைக்கு மேல் விலகுமாயின், சுழலியின் பேரிங் தேய்ந்தது எனக் கருதலாம். தானியங்கி தனக்குக் காட்டிய திசையிலேயே சென்றது, அதன்மேல் குற்றமில்லை.

தூளிபோல் இடமும் வலமுமாக ஆடுகிறதா? அமைதியான காற்றில் தானியங்கியை நிறுத்திவிட்டுக் கையால் செலுத்திப் பார்க்க வேண்டும். அப்போது அடிவானங்காட்டி அசையாதிருந்தால் சுழலியின்மீது ஐயம் குறைகிறது. மோட்டாரை இணைக்கும் கம்பி தளர்ந்துள்ளதா, கிளட்ச் வழுக்குகிறதா என நோக்கலாம். உயரம் நிலைக்காமல் மூக்கு மேலும் கீழும் அலைந்தால், காற்றழுத்தத்தை உணரும் குழாயில் மழைநீர் தங்கியிருக்கலாம், குழாய் கசியலாம். நம் நாட்டில் நின்றுகிடக்கும் விமானத்தின் துளைகளில் குளவி மண்கூடு கட்டுவதும் புதிதன்று. கடலோரத்து உப்புக்காற்றில் மின் இணைப்புகளில் களிம்பு ஏறுவதை நாம் அறிவோம். விட்டுவிட்டு வரும் குறைகளில் பல இத்தகையனவே. எதை மாற்றினாலும் ஒருநேரத்தில் ஒன்றையே மாற்றிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அப்பணியும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளருக்கே உரியது.

இவையெல்லாம் தொல்லைகள். உயிருக்கு உலை வைப்பது வேறொன்று. பல சிறு விமானங்களில் சுழலியைச் சுழற்றுவது காற்றை உறிஞ்சும் பம்பு. அதிலுள்ள கரித்தகடுகள் முன்னறிவிப்பின்றி உடையும். சுழலி உடனே நிற்பதில்லை; சில நிமிடங்களில் மெல்லத் தளர்ந்து சாய்கிறது. சாய்ந்த அடிவானத்தை மெய்யென நம்பும் தானியங்கி, விமானத்தையே சாய்க்கிறது. மேகத்தினுள் இருக்கும் விமானிக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெளியே ஏதுமில்லை. ஆகவே உறிஞ்சழுத்தமானி ஏறத்தாழ 5 அங்குலப் பாதரச அளவில் நிற்கிறதா என அடிக்கடி பார்ப்பது, பெட்டியைப் பத்துமுறை பழுதுபார்ப்பதினும் மேலானது.

இன்னொன்று, மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் டிரிம் மோட்டார் நிற்காமல் ஓடுவது. அப்போது ஆராய்ச்சிக்கு நேரமில்லை. கட்டுப்பாட்டுச் சக்கரத்தை இறுகப் பற்றிச் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பின் சர்க்யூட் பிரேக்கரை இழுக்க வேண்டும். அப்பொத்தான் இணைப்பைத் துண்டிக்கிறதா என ஒவ்வொரு பயணத்திற்கு முன்பும் தரையிலேயே அழுத்திப் பார்ப்பது நன்று. வரிசையாக நிற்கும் பிரேக்கர்களுள் உரியது எதுவெனத் தேடாதிருக்க, சில உரிமையாளர் அதன் கழுத்தில் வண்ண வளையம் ஒன்றை மாட்டி வைக்கின்றனர்.