கருங்கண்ணியும் கம்போடியாவும்

சென்ற பருவத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கிட்டங்கிக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவர் கொணர்ந்த கருங்கண்ணிப் பருத்தி கலப்புடையதென்று விலை குறைக்கப்பட்டது. "பக்கத்து நிலத்தில் கம்போடியா போட்டார்கள், வண்டு செய்த வேலைக்கு நான் பொறுப்பாளியா?" என்று அவர் மனம் நொந்து கேட்டார். நேர்மையானவர்தாம், ஆயின் அவர் கூறிய காரணம் பொருந்தாது.

கருங்கண்ணி நம் கரிசல் நிலத்து நாட்டுப் பருத்தி. கம்போடியா அமெரிக்க இனம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடிய நாட்டிலிருந்து இங்கு வந்தமையால் அப்பெயர் பெற்றது. 1968இல் வெளிவந்த எம்.சி.யூ.5 இவ்வினத்தைச் சேர்ந்ததே. முன்னதன் உயிரணுவில் குரோமோசோம்கள் 26, பின்னதில் 52. ஆகவே இவை வயலில் எளிதில் ஒன்றையொன்று கருவுறச் செய்வதில்லை. கலப்பு பெரும்பாலும் வண்டால் அன்று, விதையால் வருவது. அரைவை இயந்திரத்தில் முன்னவருடைய கொட்டைகள் சில தங்கி, அடுத்தவர் விதையோடு சேர்ந்துவிடுகின்றன. விசாரித்ததில், நம் அங்கத்தினரும் விதைப் பருத்தியைப் பொது இயந்திரத்திலேயே அரைத்திருந்தார்.

அரைத்த பஞ்சில் கலப்பைப் பிரித்தல் இயலாது. செடியிலோ, சிறுவனும் கண்டுகொள்வான். கருங்கண்ணி இலை விரல்போல் ஆழப் பிளந்திருக்கும். கம்போடியா இலை அகன்று, பிளவு குறைந்திருக்கும். முன்னதன் பூ மஞ்சள், அடியில் செம்பொட்டு உடையது. பின்னதன் பூ வெளிறிய நிறத்தில் மலர்ந்து மறுநாள் சிவக்கும். எனினும், வாடும் பூவின் நிறத்தை நம்பலாகாது. காலையில் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் காயை மூடியுள்ள பச்சை இதழ்களே உறுதியான சாட்சி. கருங்கண்ணியில் அவற்றின் நுனியில் சில சிறு பற்களே உண்டு. கம்போடியாவில் நீண்ட பற்களாக ஆழக் கிழிந்திருக்கும். கருங்கண்ணிக் காய் சிறிது, தலைகீழாகத் தொங்கும்.

விலைக் குறைப்போடு தீங்கு நிற்பதில்லை. கருங்கண்ணி இழை குட்டை, கம்போடியா இழை நீளம். இரண்டும் கலந்து நூற்ற நூல் சீராயிராது. பாவில் அடிக்கடி அறும். அறுந்த இழையை முடியும் நேரத்திற்கு நெசவாளிக்குக் கூலி தருவார் யார்?

பூக்கும் பருவத்திலேயே கலவன் செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும். விதைக்கான பருத்தியைத் தனியே எடுத்து, துப்புரவு செய்த இயந்திரத்தில் அரைக்க வேண்டும். அந்த அங்கத்தினர் இவ்வாண்டு வேண்டிய விதையைக் கையாலேயே கொட்டை நீக்கி வைத்திருக்கிறார். பூ மலரும் காலையில் என்னையும் நிலத்திற்கு வருமாறு சொல்லியிருக்கிறார்.