யூரியா மூட்டைக்குள்ள இருக்கிற ஹைட்ரஜன்

ஹைட்ரஜன்னு சொன்னதும் நம்ம ஆளுங்க கேக்குற முதல் கேள்வி, "பைக் எப்போ வரும்?" பைக்கை விடுங்க. ராஜபாளையம் பக்கம் சோழபுரத்துல நெல் வயலுக்குப் போடுற யூரியா மூட்டையைப் பாருங்க. ஹைட்ரஜன் அங்க ரொம்ப வருஷமா இருக்கு.

யூரியா செய்ய முதல்ல அம்மோனியா வேணும். காத்துல இருக்கிற நைட்ரஜனோட ஹைட்ரஜனைச் சேர்த்தா அம்மோனியா. ஒரு 45 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய நாலரை கிலோ ஹைட்ரஜன் தேவை. இதை இன்னைக்கு பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்குறாங்க. அப்படி ஒரு கிலோ எடுத்தா, கூடவே ஒன்பது பத்து கிலோ கார்பன் டை ஆக்சைடு வருது. யூரியா தொழிற்சாலை நமக்கும் தூரமில்ல, தூத்துக்குடியில ஸ்பிக் இருக்கு.

மாற்று வழி, தண்ணியை மின்சாரத்தால பிரிக்கிறது. மின்சாரம் காற்றாலை, சோலார்னா அதுக்குப் பேரு பசுமை ஹைட்ரஜன். 2023 ஜனவரியில மத்திய அரசு இதுக்கு 19,744 கோடி ரூபாய்ல தேசிய இயக்கம் அறிவிச்சுது. 2030-க்குள்ள வருஷத்துக்கு 50 லட்சம் டன் இலக்கு.

2025 செப்டம்பர்ல தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துல ஒரு சோதனை ஆலை தொடங்குனாங்க. மணிக்கு 10 கன மீட்டர். பெருசா கேக்குதில்ல? எடையில ஒரு கிலோ கூட வராது. நம்ம ஒரு மூட்டை யூரியாவுக்கான ஹைட்ரஜனுக்கே அது அஞ்சு மணி நேரம் ஓடணும். அந்த ஹைட்ரஜன் போறது துறைமுகக் குடியிருப்போட தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜிங்குக்கும். சோதனைக்குச் சரி. ஆனா மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி மறுபடி மின்சாரமாக்கினா, போட்டதுல மூணுல ஒரு பங்குதான் கையில நிக்கும். பைக் வேணாம்னு நான் சொன்னதும் இதனாலதான். அதுக்கு பேட்டரி போதும்.

இப்போ கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல மின்சாரம். அப்போ ஒரு மூட்டைக்கு குறைஞ்சது 225 யூனிட். யூனிட் அஞ்சு ரூபாய்னு வெச்சாலே 1,100 ரூபாய் தாண்டுது. விவசாயி இன்னைக்கு மூட்டைக்குக் கொடுக்கிறது 266 ரூபாய் 50 காசு, மிச்சம் அரசு மானியம். பசுமையாக்குற செலவும் அந்த மானியத்து மேலதான் ஏறும். இல்லன்னா வயல்ல வந்து விழும்.

தண்ணி? கிலோவுக்கு ஒன்பது லிட்டர் வேதியியல் கணக்கு, நடைமுறையில இன்னும் கூட. தாமிரபரணியில கை வெச்சா சண்டைதான் வரும். கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூணு நாலு யூனிட்தான் ஆகும். 225-க்கு முன்னாடி அது தூசு. ஆத்துத் தண்ணியைக் கேக்க ஆலைக்காரங்களுக்குச் சாக்கே கிடையாது.

இன்னொரு சிக்கல் இருக்கு, இதை யாரும் அதிகமா பேசறதில்ல. யூரியாவுக்கு கார்பனும் வேணும். மூட்டைக்கு 33 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இன்னைக்கு எரிவாயுவிலிருந்து வர்றதையே அதுக்குப் பயன்படுத்திக்கிறாங்க, யூரியா வயல்ல கரைஞ்சதும் அது திரும்ப காத்துக்குப் போயிடுது. பசுமை ஹைட்ரஜனுக்கு மாறினா அந்த கார்பனை வேற எங்கிருந்தாவது கொண்டு வரணும். டி.ஏ.பி. உரத்துக்கு இந்தத் தொல்லை இல்ல, அம்மோனியாவும் பாஸ்பாரிக் அமிலமும் போதும். அதனால முதல் பசுமை மூட்டை சோழபுரத்துக்கு வந்தா, அது யூரியாவா இருக்காதுன்னு நினைக்கிறேன். டி.ஏ.பி.யாத்தான் இருக்கும்.