தீவு தன்னைக் கண்ட திரை

ஏழை எளியோரைப் பற்றி எடுக்கப்பெற்ற படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இடிந்த குடிசை, ஒட்டிய வயிறு, அழும் குழந்தை, பின்னணியில் உருக்கமானதொரு குரல். பார்க்கின்ற நமக்கு நெஞ்சு கனக்கிறது. சிலவேளை கை பணப்பையையும் தேடுகிறது. ஆனால் அப்படத்தில் நின்றவர் அதைப் பார்த்தாரா, பார்த்தபோது என்ன எண்ணினார், தம் வீட்டின் வறுமையை ஊராருக்குக் காட்டலாமா என்று அவரை எவரேனும் கேட்டனரா என்பதெல்லாம் நம் சிந்தனைக்கு எட்டுவதில்லை. இக்கேள்விகளை முன்வைத்தே படம் எடுத்த சிலரின் வரலாற்றை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். நடந்த இடம் கனடா, ஆண்டு 1967.

அவ்வாண்டில் கனடா நாட்டுத் தேசியத் திரைப்பட வாரியம், மாண்ட்ரியல் நகரத்து ஏழைக் குடும்பம் ஒன்றைப் பற்றிய ஆவணப்படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பச் செய்தது. வேலையற்ற தந்தை, ஒன்பது பிள்ளைகள், பத்தாவது குழந்தையை எதிர்நோக்கியிருந்த தாய். படத்தை எடுத்தவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்களே. வறுமையின் கொடுமையை நாடு உணர வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். நாடு உணர்ந்ததோ இல்லையோ, அக்குடும்பத்தை அக்கம்பக்கத்தார் எள்ளி நகையாடினர். ஒளிபரப்புக்கு முன் படத்தை அவர்களுக்குக் காட்டி இசைவு பெற வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. அவர்களுடைய துயரம் பிறருக்குப் பாடமாயிற்று; அவர்களுக்கோ புதியதொரு துயரமாயிற்று.

அதே ஆண்டில், அதே வாரியம், 'மாற்றத்திற்கு அறைகூவல்' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழ்க் காலின் லோ என்னும் இயக்குநர், நாட்டின் கிழக்குக் கோடியில் நியூபவுண்டுலாந்து மாநிலத்தைச் சேர்ந்த போகோ தீவுக்குச் சென்றார்.

போகோ, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுள்ள பாறைத் தீவு. பத்துச் சிற்றூர்களில் சுமார் 5,000 மக்கள். தலைமுறை தலைமுறையாகக் காட் என்னும் மீனைப் பிடித்து, உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்கி விற்றுப் பிழைத்தவர்கள். விற்றவர்கள் என்று சொல்வதுகூடப் பொருந்தாது. வலையும் உப்பும் மாவும் வணிகர் கடனாகக் கொடுப்பார். பருவத்தின் முடிவில் மீனை அவரே விலைவைத்து எடுத்துக்கொள்வார். கணக்கைத் தீர்த்தபின் மீனவர் கையில் காசு காண்பது அரிது. பின்னர் அவ்வணிகர்களும் கடையைக் கட்டிக்கொண்டு போயினர். மீன் வாங்க ஆளில்லை. ஆழ்கடலுக்குச் செல்லப் பெரிய படகில்லை. குடும்பங்களுள் பெரும்பகுதி அரசின் உதவித்தொகையை எதிர்பார்த்து வாழ்ந்தது.

மாநில அரசு இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தது: ஊர்களைக் காலிசெய்வது. 1949-இல் நியூபவுண்டுலாந்து கனடாவுடன் இணைந்தபின், சிதறிக் கிடந்த கடலோரச் சிற்றூர்களுக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் அளிப்பதைவிட மக்களைப் பெரிய ஊர்களில் குடியேற்றுவதே மேல் என்று முதல்வர் ஜோயி ஸ்மால்வுட்டின் அரசு முடிவு செய்தது. 1954-இல் தொடங்கிய இம்முயற்சி 1965-இல் மைய அரசின் துணையுடன் விரிவடைந்தது. ஓர் ஊரில் 90 விழுக்காட்டினர் இசைந்தால் உதவிப்பணம் உண்டு என்றொரு விதி இருந்தது. அவ்விழுக்காடு பின்னர் மேலும் குறைக்கப்பட்டது. இவ்விதி என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். போக விரும்பாதவரைப் போக விரும்புகிறவர் வற்புறுத்துவார். கூட வளர்ந்தவர்களே பகைவர் ஆவர். 1975-க்குள் ஏறத்தாழ 30,000 பேர் இவ்வாறு இடம்பெயர்ந்தனர். வீடுகளையே தெப்பம்போல் மிதக்கவிட்டு இழுத்துச் சென்றவர்களும் உண்டு.

போகோ தீவார் போக விரும்பவில்லை. ஆனால் ஒன்றாக நின்று அதைச் சொல்லவும் அவர்களால் இயலவில்லை. அதற்கான காரணங்களுள் ஒன்று நமக்குக் கசப்பானது. ஆயினும் சொல்லாமல் விடலாகாது. அவ்வூர்கள் சபைகளால் பிரிந்து கிடந்தன. ஒருபுறம் ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கர்; மறுபுறம் ஆங்கிலிக்கர் முதலிய பிற சபையார். பள்ளிகளையும் சபைகளே நடத்தின. ஆகவே பிள்ளைகளும் தனித்தனியே வளர்ந்தனர். ஓரூரில் நடப்பது அடுத்த ஊருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பொதுவில் பேசுவதில்லை.

அங்கே மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணியாளராக இருந்தவர் பிரெட் ஏர்ல். அப்பகுதியின் மைந்தர். அப்பணிக்குத் தலைவராயிருந்தவர் டான் ஸ்நோடன். வறுமை என்பது பணமின்மை மட்டுமன்று. செய்தி எட்டாமையும், தன் சொல் எவர் செவியிலும் ஏறாமையும் வறுமையே என்பது ஸ்நோடனின் துணிபு. படக்குழுவைப் போகோவுக்கு அழைத்தவர் அவர். அதை வீடு வீடாக அறிமுகப்படுத்தியவர் ஏர்ல்.

தொடக்கத்தில் லோவும் எல்லா ஆவணப்பட இயக்குநர்களையும்போலவே எண்ணினார். சிக்கல் ஒன்றை எடுத்துக்கொள்வது. அதுபற்றிப் பலர் கூறியவற்றை வெட்டி, மாற்றி மாற்றி ஒட்டுவது. அவ்வாறு ஒட்டினால் ஒருவர் வென்றவராகவும் மற்றவர் அறிவிலியாகவும் தோன்றுவர் என்பதை விரைவில் உணர்ந்தார். (கத்தரிக்கோலுக்கு எவ்வளவு அதிகாரம் உண்டென்பது திரைத்துறையினருக்குத் தெரியும், படத்தில் நிற்பவருக்குத் தெரியாது.) படம் முடிந்தபின்னும் அம்மக்கள் அதே தீவில் முகத்தில் முகம் விழித்து வாழ வேண்டியவர்கள் அல்லரோ! ஆகவே ஒரு மனிதர் அல்லது ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு சிறுபடம் என்று வகுத்துக்கொண்டார். இவ்வாறு உருவானவை 27 படங்கள். மொத்தம் ஏறத்தாழ ஆறு மணி நேரம். கூட்டுறவைப் பற்றி ஒருவர் பேசுகிறார். உதவித்தொகையைப் பற்றிச் சிலர் வாதிடுகின்றனர். மீன்பிடித்தலைக் கைவிட்டு டொராண்டோ நகருக்குப் பிழைக்கப் புறப்படும் ஒரு மீனவர், அரசு தம்மைக் கைவிட்டதைத் திறந்த மனத்துடன் கூறுகிறார். திருமணமும் விருந்தும் பாட்டும்கூட உண்டு.

எடுத்த படங்களை முதலில் யார் பார்ப்பது? முதல் உரிமை படத்தில் நின்றவருக்கு. வேண்டாம் என்று அவர் சொன்ன பகுதியை நீக்கினர். அடுத்து, தீவின் ஊர்களில் திரையிட்டனர். 35 காட்சிகள். கடுமையான படங்களுக்கிடையே விருந்தும் பாட்டும் ஓட, மக்கள் தங்களையும் அண்டை ஊராரையும் திரையில் கண்டு சிரித்தனர். சிரித்தபின் பேச்சும் எளிதாயிற்று. எதிரே நின்று சொல்லத் துணியாததைத் திரையில் சொன்னவரைக் கேட்டபோது, தங்கள் ஊரின் குறையே அடுத்த ஊரின் குறையும் என்பது விளங்கிற்று. ஒரு கத்தோலிக்க மீனவரின் கடனும் ஓர் ஆங்கிலிக்க மீனவரின் கடனும் ஒரே வகைக் கடன்தானே!

தீவார் இசைந்த பின்னரே படங்கள் தலைநகருக்குப் போயின. அமைச்சர்கள் பார்த்தனர். மீன்வளத்துறை அமைச்சர் ஏடன் மலோனி கேமராவின்முன் அமர்ந்து மறுமொழி கூறினார். அப்படம் தீவுக்குக் கொண்டுவரப்பட்டு மக்களுக்குக் காட்டப்பட்டது. மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் காத்து நிற்கும் மக்களுக்கு அமைச்சரே திரையேறிப் பதில் சொல்வது சிறிய செய்தியன்று.

தீவு காலியாகவில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சங்கத்தின் படகுத்துறையில் ஆழ்கடலுக்கேற்ற பெரிய படகுகள் கட்டப்பட்டன. சபை வேற்றுமையின்றிப் பிள்ளைகள் ஒன்றாகப் பயிலும் பள்ளியும் பின்னர் வந்தது.

இவை யாவும் படத்தின் சாதனை என்று சிலர் எழுதிவிட்டனர். நாம் அதை ஏற்பதற்கில்லை. படக்குழு வருமுன்பே தீவு மேம்பாட்டுக் குழு ஒன்று இருந்தது. கூட்டுறவைப் பற்றிய பேச்சும் இருந்தது. அட்லாண்டிக் கரையோர மாநிலங்களில் அக்கருத்தை 1930-களில் பரப்பியவர்களுள் அருள்தந்தை மோசஸ் கோடி முதன்மையானவர். படக்குழு போனபின்னும் அங்கேயே பணியைத் தொடர்ந்தவர் ஏர்ல். கூட்டம் நடத்த ஆளில்லாத ஊரில் படம் காட்டினால் மக்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவர், அவ்வளவே. இன்னொன்று: கேமராவும் பணமும் அரசின் வாரியத்துக்கு உரியவை. சண்டை வேண்டாம் என்ற லோவின் கவனம், சண்டையிட வேண்டிய இடத்திலும் குரலைத் தாழ்த்திவிட்டதென்று குறை கூறுவோர் உண்டு. மேலும், 27 படங்களிலும் பேசுகிறவர்களுள் பெரும்பாலோர் ஆண்களே.

கேமரா மக்களின் கைக்கே மாறியது அடுத்த படி. தோளில் தொங்கவிடத்தக்க வீடியோக் கருவி வந்தபின், 1969-இல் மாண்ட்ரியலின் செயின்ட் ஜாக் பகுதிக் குடிமக்கள் குழுவினர் தாங்களே தெருவில் இறங்கி அண்டை அயலாரைப் பேட்டி கண்டு பதிவுசெய்தனர். நம் நாட்டில் 1984-இல், அகமதாபாத்தின் 'சேவா' மகளிர் சங்கத்தில், எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களும் கேமராவை இயக்கக் கற்றனர். எழுத்தறியாதவருக்குக் கேமராவே எழுதுகோல் ஆனது.

போகோ தீவுக்குப் பெருஞ்சோதனை இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்தது. பெருங்கப்பல்கள் அளவின்றி வாரியதால் காட் மீன் அருகிப்போக, 1992 ஜூலை 2 அன்று கனடா அரசு அம்மீன்பிடிப்பையே நிறுத்தியது. எத்தனையோ கடலோர ஊர்கள் நிலைகுலைந்தன. போகோவின் கூட்டுறவுச் சங்கம் நண்டுக்கும் இறாலுக்கும் மாறி நிலைத்தது. மக்கள்தொகை பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது. ஆயினும் ஊர்கள் இருக்கின்றன.

அந்த 27 படங்களுள் 'போகோ தீவின் குழந்தைகள்' என்று ஒன்று உண்டு. அதில் விளக்கவுரை கிடையாது. கையால் செய்த சிறு படகுகளை நீரில் விட்டும், பாறைகளின்மேல் ஓடியும் பிள்ளைகள் விளையாடுகின்றனர். தீவு இருக்குமா என்று பெரியவர்கள் விவாதித்துக்கொண்டிருந்த கோடையில் எடுத்த படம் அது. அப்பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.