மழைநகருக்குப் போகுமுன்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெட்டி கட்டும் காட்சி புதியதன்று. ஒரு வீட்டில் மிளகாயும் மல்லியும் வறுபடும் மணம் வழக்கத்துக்கு மிஞ்சி எழுமாயின், அவ்வீட்டார் கடல் கடந்து பிள்ளைகளிடம் போகிறார்கள் என்பதை அயலார் அறிந்துகொள்வர். போகும் இடம் நோர்வே நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரமாயின், இரண்டு கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். எப்போது போவது? எதைக் கொண்டு போவது? இவ்விரண்டுக்கும் தவறான விடையுடன் ஒருமுறையும், ஏறக்குறைய சரியான விடையுடன் இன்னொருமுறையும் அந்நகருக்கு என் தாயாரை அழைத்துச் சென்றவன் நான். முதற் பயணத்தில் நாங்கள் இழக்க இருந்தது பணத்தை அன்று. ஒரு மகன்மேல் தாய் கொண்ட மனநிறைவை. ஆதலால் இதனை எழுதுகிறேன்.

நோர்வேக்கும் நமக்கும் உள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராசேந்திரம் 1956ஆம் ஆண்டிலேயே அந்நாட்டை அடைந்தவர். மீன்பிடித் தொழிலை அங்கே அறிந்து, பின்னர் நோர்வே நண்பர்களின் உதவியுடன் ‘சீ-நோர்’ என்னும் முயற்சியை வடபகுதிக் கரையில் தொடக்கியவரும் அவரே. அவருக்குப் பின் மாணவராகச் சிலரும், 1983ஆம் ஆண்டின் பின் புகலிடம் நாடிப் பலரும் சென்றனர். வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் பனியோடு போராடி உழைத்தவர்களிற் பலர் காலப்போக்கில் ஒஸ்லோ, பேர்கன் முதலிய நகரங்களில் வந்து குடியமர்ந்தனர். என் இளவலும் அவர்களுள் ஒருவன்.

ஒரே மழை, இரு முகம்

பேர்கன் என்றதும் நம்மவர் அஞ்சுவது குளிரை. உண்மையில் அஞ்சத்தக்கது அதுவன்று. அந்நகர் வட அகலக்கோடு 60 பாகையில் இருப்பினும், அத்திலாந்திக் சமுத்திரத்தின் வெந்நீரோட்டம் அக்கரையைத் தழுவிச் செல்வதால், ஜனவரி மாதத்திலும் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு இரண்டு மூன்று பாகை மேலேயே நிற்கும். யூலை மாதச் சராசரி ஏறத்தாழ 15 பாகை. நுவரெலியாவில் ஒரு சாதாரண நாள் எப்படியோ, பேர்கனில் கோடை அப்படி.

நாம் கணக்கில் எடுக்க வேண்டியது மழையை. தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று, நகரைச் சூழ்ந்து நிற்கும் மலைகளில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகிறது. நமது தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளில் மோதி இரத்தினபுரியை நனைப்பதும் இதே முறையிற்றான். கொழும்பில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழையும் பேர்கனில் பெய்யும் மழையும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றே என்பதைக் கேட்டால் வாசகர் வியப்புறுவர். இரண்டும் ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர்.

அளவு ஒன்றாயினும் பெய்யும் விதம் வேறு. நம் மழை கோபக்காரரைப் போன்றது. இடியிடித்து, ஒரு மணி நேரம் கொட்டி, களனி கங்கையைப் பெருக்கெடுக்கச் செய்துவிட்டு, மறுநாட் காலையில் ஒன்றும் அறியாததுபோல் வெயிலைக் காட்டும். பேர்கன் மழையோ முணுமுணுப்பவரைப் போன்றது. ஆண்டில் 200 நாட்களுக்கு மேல், தூறலாகவும் சாரலாகவும், நின்றும் நில்லாமலும் பெய்துகொண்டிருக்கும். 2006ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலிருந்து 2007 ஜனவரி வரை தொடர்ந்து 85 நாட்கள் அங்கே மழை பெய்ததுண்டு. நம் மழைக்கு ஒதுங்கி நின்றால் போதும். அந்த மழைக்கு ஒதுங்கினால் வாழ்நாள் முழுவதும் ஒதுங்கியே நிற்க வேண்டியதுதான். ஆகவே அவ்வூரார் ஒதுங்குவதில்லை. நனையாத உடை உடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். பாலர் பாடசாலைக் குழந்தைகளும் மழையங்கி அணிந்து சேற்றில் விளையாடுவதைக் காணலாம். கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடைதான் உண்டு என்பது அந்நாட்டுப் பழமொழி.

எந்த மாதம்?

ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு விடுமுறை வழக்கமாக ஏப்ரில், ஓகஸ்ட், டிசெம்பர் மாதங்களிலேயே வரும். நாங்கள் முதலில் தெரிந்தெடுத்தது டிசெம்பரை. கொழும்புக் கடையொன்றில் வாங்கிய கனத்த குளிரங்கியும், நான்கு பருத்திச் சேலைகளும், ஒரு குடையும் அம்மாவின் துணை. குடை, விமானத்தால் இறங்கிய மறுநாளே காற்றில் மலர்ந்து பூவாயிற்று. குளிரங்கி மழைநீரைக் குடித்துப் பாரமேறி, இரண்டு நாட்களாகியும் உலரவில்லை. சேலைத் தலைப்பும் ஓரமும் நனைந்து காலிற் சுற்ற, அம்மா மூன்றாம் நாள் முதல் வெளியே வர மறுத்துவிட்டார்.

அதனினும் பெரிய இடர் இருள். டிசெம்பர் நடுவில் பேர்கனில் சூரியன் காலை ஒன்பதரை மணிக்குப் பின்பே தோன்றி, பிற்பகல் மூன்றரை மணியளவில் மறைந்துவிடுகிறான். அந்தச் சில மணி நேரமும் முகில் மூடிக்கொள்ளும். திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் எழுந்து பழகிய அம்மா, அங்கும் அப்படியே எழுந்து சன்னலருகே உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருந்தார். விடிந்தபாடில்லை. மாலையில் வேறொரு சங்கடம்.

"தம்பி, மூன்றரைக்கு இருட்டிப் போச்சு. விளக்கு இப்ப வைக்கிறதோ, ஆறு மணிக்கு வைக்கிறதோ?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு மறுமொழி தெரியவில்லை. எதிர்வீட்டுச் சன்னல்களில் கிறிஸ்மஸ் காலத்து விளக்குகள் வரிசையாக எரிவதைக் காட்டி, "அவர்களும் கார்த்திகை விளக்கு வைத்திருக்கிறார்கள், பாருங்கள்" என்றேன். சிறிது சிரித்தார். ஆயினும் நாளுக்குநாள் பேச்சுக் குறைந்தது, உணவும் குறைந்தது. வந்த மூன்றாம் கிழமை, "என்னை வீட்டை கொண்டுபோய் விடு" என்றார். தன் இல்லத்தில் தாய்க்கு ஏதோ குறை நேர்ந்துவிட்டதென்று இளவல் நினைத்தான். தன் சமையல் பிடிக்கவில்லை போலும் என்று அவன் மனைவி நினைத்தாள். குறை எவரிடத்தும் இல்லை. குறை நாங்கள் தெரிந்த மாதத்தில் இருந்தது. இருளும் ஈரமும் சேர்ந்து வயோதிபர் மனத்தை வாட்டும் என்பதை முன்னரே அறிந்திருந்தால், பாசத்தின்மேல் அப்பழி விழுந்திராது.

மறுமுறை சென்றது மே மாதத்தில். நான் சில நாள் விடுப்பில் கொண்டுபோய் விட்டுத் திரும்ப, அம்மா யூலை வரை தங்கினார். ஏப்ரில், மே, யூன் ஆகிய மூன்றுமே அங்கு மழை குறைந்த மாதங்கள். அவற்றுள் ஏப்ரில் இன்னும் குளிர்ந்திருக்கும். மே நடுப்பகுதியிலிருந்து யூன் முடிவு வரை உள்ள காலமே நம்மவர்க்கு மிக உகந்தது. மே 17ஆந் திகதி, 1814ஆம் ஆண்டு அரசியலமைப்பை நினைவுகூரும் தேசிய நாள். பாடசாலைப் பிள்ளைகள் கொடியேந்தி ஊர்வலம் செல்வர். அம்மாதப் பிற்பகுதியில் அருகிலுள்ள ஹார்டாங்கர் நுழைகழியின் கரையெங்கும் ஆப்பிள் மரங்கள் பூத்து நிற்கும். நுழைகழி என்பது மலைகளுக்கிடையே கடல் நீண்டு புகுந்த ஆழ்ந்த நீர்வழி.

யூன் மாதத்தில் சூரியன் இரவு பதினொரு மணிக்குப் பின்பே மறைவதால், விளக்கு வைக்கும் நேரம் பற்றிய கேள்வி மறுபடியும் எழுந்தது. இம்முறை அம்மாவே தீர்ப்புச் சொன்னார்: "கொழும்பு நேரத்துக்கு வைப்பம்." கோடையில் அந்நாட்டு நேரம் நமக்கு மூன்றரை மணி பிந்தியது. பிற்பகல் இரண்டரைக்கு விளக்கேறியது. வீடே சிரித்தது.

ஓகஸ்டில் மழை மறுபடியும் கூடத் தொடங்கும். எனினும் பகல் நீண்டிருக்கும். விடுமுறைக்குக் கட்டுப்பட்டோர் அதனையே கொள்ளலாம். செப்டெம்பர் முதல் ஜனவரி வரை மழை மிகுந்த காலம். ஆயினும் பேரப்பிள்ளை பிறக்கும் மாதத்தை நாம் தெரிந்தெடுக்க முடியாதன்றோ! பிள்ளைப்பேற்றுக்கு உதவப் போகும் தாய்மார் மாரியிலும் போகத்தான் வேண்டும். அவர்கள் ஒரு விதியைக் கைக்கொள்வாராக: மழையோ வெயிலோ, நண்பகலில் ஒரு மணி நேரம் வெளியே நடப்பது. அந்நாட்டார் மாரி முழுவதும் மீனெண்ணெய் அருந்துவது வெயிற்குறையை ஈடுசெய்யவே. மரக்கறி உண்போர் உயிர்ச்சத்து ‘டி’ பற்றித் தம் வைத்தியரிடம் கேட்டுச் செல்வது நன்று.

பெட்டியில் வைப்பவை

உடையை மூன்று அடுக்காக எண்ணுக. உடலோடு ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை. அதன்மேல் கம்பளி மேற்சட்டை. எல்லாவற்றுக்கும் மேல் நீர் புகாத, தலைமூடியுள்ள மழையங்கி. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். கம்பளியோ நனைந்தாலும் சூட்டை விடாது. சேலை உடுப்போர் உட்பாவாடைக்குள் கம்பளிக் காற்சட்டை அணிந்து, சேலையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே உயர்த்தி உடுக்கலாம். பட்டுச்சேலை ஒன்று போதும். அங்கே நம்மவர் நடத்தும் கோயிலுக்கும் கொண்டாட்டங்களுக்கும் அது உதவும்.

பாதணி நீர் புகாததாயும், அடி வழுக்காததாயும் இருத்தல் வேண்டும். மாரியில் பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, பாதை கண்ணாடிபோல் ஆகிவிடும். அப்போது பாதணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் முட்பட்டைகள் அங்குள்ள கடைகளிற் கிடைக்கும். முதியோர் அவையின்றி இறங்கலாகாது. வீட்டு வாசலில் பாதணியைக் கழற்றுவது அவர்களுக்கும் வழக்கம். ஆகையால் தடித்த கம்பளிக் காலுறைகள் நான்கு சோடி வேண்டும்.

கொழும்பிலிருந்து பேர்கனுக்கு நேரடி விமானம் இல்லை. இடையில் ஒருமுறையோ இருமுறையோ மாற வேண்டும். பெட்டி பிந்தி வந்தால் தவிக்காதிருக்க, ஒரு தொகுதி கம்பளியுடையையும் மருந்துகளையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்க. மருந்துடன் வைத்தியர் தந்த சீட்டும் இருக்கட்டும். நம் மின்செருகிகள் அங்குள்ள துளைகளிற் பொருந்தா. இணைப்பான் ஒன்று கொண்டு செல்க.

பெட்டியில் வேண்டாதவை

இறைச்சி, பால், நெய் முதலியவற்றை நம் நாட்டிலிருந்து கொண்டு செல்ல அந்நாட்டுச் சுங்கம் அனுமதிப்பதில்லை. பனங்கட்டிக்கும் கறித்தூளுக்கும் தடையில்லை. காற்றுப் புகாமற் கட்டுக. தேங்காயெண்ணெய் அங்கே போத்தலுக்குள் கட்டியாய் உறைந்துவிடும். தலைக்கு நல்லெண்ணெயே உகந்தது. குடையை வீட்டில் விட்டுச் செல்க. கனத்த குளிரங்கியை இங்கே வாங்கிப் பணத்தை விரயமாக்க வேண்டா. பிள்ளைகளின் வீட்டில் பழைய மழையங்கி ஒன்று எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும்.

விசா ஏற்பாட்டையும் மாதக் கணக்கோடு சேர்த்து எண்ணுக. நோர்வே ஷெங்கன் கூட்டில் உள்ள நாடு. உறவினரைப் பார்க்கச் செல்வோர் 180 நாட்களுள் 90 நாட்கள் தங்கலாம். கொழும்பில் இருந்த நோர்வேத் தூதரகம் 2023ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது. ஆகவே முன்னிலும் கூடிய நாட்களை ஒதுக்குதல் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதம் போக விரும்புவோர் தைப்பொங்கலுக்கு முன்னரே பத்திரங்களை ஒழுங்கு செய்யத் தொடங்குவது நலம். அது தவறினால் விசா வந்த மாதமே பயண மாதமாகிவிடும். எங்களுக்கு முதன்முறை நேர்ந்ததும் அதுவே.

அங்கே காண்பதற்குக் குறைவில்லை. 1979ஆம் ஆண்டு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட துறைமுகத்து மரவீடுகள். 1918ஆம் ஆண்டிலிருந்து மலைமேல் 320 மீற்றர் வரை ஏற்றிச் செல்லும் இழுவை இரயில். ஒஸ்லோவிலிருந்து மலைகளைக் கடந்து வரும் 1909ஆம் ஆண்டு இரயிற்பாதை. 1873இல் ஹன்சன் என்னும் மருத்துவர் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்ததும் இந்நகரிலேயே. களனி கங்கைக்கு அப்பால் ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் நிறுவிய தொழுநோய் மருத்துவமனையை அறிந்தவர்க்கு அச்செய்தி அயலார் செய்தியாகத் தோன்றாது.

என் தாயார் கண்ட காட்சி இவற்றில் எதுவுமன்று. யூன் மாதத்து இரவு ஒன்பது மணி வெயிலில், மழையங்கி அணிந்து, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்ததையே அவர் இன்றும் அயலாரிடம் சொல்கிறார். தூறல் விழுந்ததாம், குழந்தை அதைக் கவனிக்கவில்லையாம், அதனால் தாமும் கவனிக்கவில்லையாம். எழுபத்தைந்தைக் கடந்த அவருக்கு மூன்றாம் பயணம் வாய்க்குமோ, அறியேன். அந்த மழையங்கி எங்கள் வீட்டு அலுமாரியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.