முகப்பில் எதை வைப்பது?

திருப்பூர்க்காரர்களுக்கு எட்டாத தூரமல்லாத செட்டிப்பாளையத்தில், 1995-இல் விமான விபத்தில் மறைந்த கார்ப் பந்தய வீரர் காரிவர்தனின் நாமம் தாங்கிய பந்தயத் திடலில், பொறியியல் மாணவர்கள் தாமே நிர்மாணித்து மோட்டார் சைக்கிள் இஞ்சின் பூட்டிய சிறு கார்களோடு 'ஃபார்முலா பாரத்' போட்டியில் இறங்குவதுண்டு. 710 சி.சி.க்கு மேற்படாத அவ்விஞ்சினைத் தேர்வதில் காட்டும் சிரத்தையை, முகப்பு மீட்டர்களைத் தேர்வதிலும் காட்டுவது அவசியம்.

இவ்வகை இஞ்சின்களில் சில, நிமிஷத்துக்குப் பதினாயிரம் சுற்றை எட்டுபவையாதலால், சுற்றுமானியே பிரதானம். அது ஸ்டீயரிங்குக்கு நேர் எதிரே அமைய வேண்டும். வேகமானிக்கு, பந்தயத் திடலில், அத்தனை கௌரவம் வேண்டியதில்லை. பைக்கின் பழைய மீட்டரையே மாட்டினாலும், சக்கரத்தின் அளவும் பல்சக்கர விகிதமும் மாறிவிட்டபடியால், திரும்ப அளவீடு செய்யும்வரை அது பொய்யே சொல்லும்.

ஆனால் எண்ணெய் அழுத்தத்தின் விஷயம் வேறு. வளைவில் பைக் சாய்கிறது, எண்ணெயும் அதனோடு அடித்தட்டிலேயே தங்குகிறது; காரோ சாயாமல் திரும்புவதால், எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்ச, பேரிங்குகள் க்ஷணத்தில் நாசமாகின்றன. வளைவின் நடுவே முள்ளை யார் பார்ப்பார்? நூல் அறுந்தவுடன் பின்னல் மெஷினில் எரியும் விளக்கைப்போல, கண்ணில் அறையும் சிவப்பு விளக்கு ஒன்றே அங்கு உதவும். தண்ணீரின் உஷ்ணமானியும், எந்த கியர் என்று காட்டும் எண்ணும் இருந்தால் நல்லது.

கடிகாரக் கடையைப்போல் முகப்பை நிரப்புவது வீண் ஆடம்பரம். பணம் குறைவாயின், முதலில் எண்ணெய் அழுத்த விளக்கை வாங்குங்கள்.