வயலைக் கொடுத்த ஊரின் கடல்

பினாங்குத் தீவின் தென்கிழக்கு மூலையில், ஜார்ஜ் டவுனிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தெற்கே உள்ள பாயான் லெப்பாஸ், இன்று குறைக்கடத்திச் சில்லுகளை உலகெங்கும் அனுப்பும் தொழில் வட்டாரமாக அறியப்பட்டாலும், அரை நூற்றாண்டுக்கு முன்புவரை நெல்வயலும் தென்னந்தோப்பும் மீன்துறைகளும் சூழ்ந்த நாட்டுப்புறமாகவே இருந்தது. மலாய் மொழியில் 'பாயான்' கிளியையும் 'லெப்பாஸ்' விடுபட்டுப் போவதையும் குறிக்கும். கைவிட்டுப் பறந்த கிளியின் நினைவாக அமைந்தது போன்ற இப்பெயரைத் தாங்கிய ஊர், நிர்வாகத்தில் பாராட் டாயா எனப்படும் தென்மேற்கு மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத் தலைமையிடம் மலைக்கு அப்பால் உள்ள பாலிக் புலாவ்.

பழைய பொருளாதாரத்தின் அடிப்படை 'கம்போங்' எனப்படும் மலாய்க் குடியிருப்பு ஆகும். தரையிலிருந்து உயர்த்திக் கால்கள்மேல் கட்டிய மரவீடுகளும் அவற்றைச் சுற்றிய பழமரங்களும் கொண்ட அக்குடியிருப்பில், வீட்டுத் திருமணமோ சமயச் சடங்கோ நடந்தால் அண்டை வீட்டார் திரண்டு சமைத்துப் பரிமாறும் 'கெண்டுரி' விருந்து, உழைப்பையே மொய்யாகச் செலுத்தும் ஏற்பாடாக விளங்கியது. சீனரின் இருப்புக்குச் சான்றாகச் சுங்கை குளுவாங்கில் நிற்கும் பாம்புக்கோயில், சோர் சூ கோங் என்னும் துறவிக்கு எழுப்பப்பட்டது. பலிபீடத்தைச் சுற்றிப் பச்சை நிறக் குழிவிரியன்கள் சுருண்டு கிடக்கும் இக்கோயிலில், சீனப் புத்தாண்டின் ஆறாம் நாள் அத்துறவியின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது.

இந்த ஊரின் போக்கை மாற்றியது 1969இல் ஏற்பட்ட ஒரு நெருக்கடி. 1786இல் ஆங்கிலேயர் வந்திறங்கிய காலந்தொட்டுச் சுங்கவரியற்ற துறைமுகமாக வாழ்ந்த பினாங்கு அச்சலுகையை அந்த ஆண்டு இழக்க, வணிகம் தளர்ந்து, வேலையின்மை சுமார் 15 விழுக்காட்டை எட்டியது. அதே ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, துறைமுகத்தை நம்பியிருந்த மாநிலத்தைத் தொழிற்சாலைகளின் பக்கம் திருப்ப முடிவு செய்தார். 1971ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ், முதன்மையாக ஏற்றுமதிக்காக உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்குச் சுங்கவரி விலக்களிக்கும் 'தடையற்ற வணிக வட்டாரம்' 1972இல் பாயான் லெப்பாஸ் வயல்களில் உருவாயிற்று. மலேசியாவிலேயே இத்தகைய முதல் வட்டாரம் அதுதான். இவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குச் சமநிலமும் மலிவான உழைப்பும் மட்டுமல்ல, 1935 முதல் இங்கே இயங்கிவரும் விமான நிலையமும் காரணம். எடை குறைந்து விலை மிகுந்த சில்லுகளைக் கப்பலில் அனுப்பக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்டெல் தன் முதல் அயல்நாட்டு ஆலையை இங்கேதான் 1972இல் நிறுவியது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்டு, பாஷ், ஹிட்டாச்சி உள்ளிட்டவையும் வந்து சேர, தொடக்கக்கால நிறுவனங்கள் எட்டும் 'எட்டுச் சாமுராய்கள்' என்று பெயர் பெற்றன.

அயல்நாட்டில் செய்யப்பட்டு வந்துசேரும் சிலிக்கன் தகடுகளைச் சில்லுகளாக அறுத்து, தலைமயிரினும் மெல்லிய கம்பிகளை நுண்ணோக்கியின்கீழ் பொருத்தி, உறையிட்டுச் சோதிப்பதே இந்த ஆலைகளின் தொடக்கக்கால வேலை. கூர்ந்த பார்வையும் நடுங்காத விரல்களும் கோரிய அவ்வேலைக்கு, கெடா, பெர்லிஸ், பேராக் மாநிலக் கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். மூன்று ஷிப்டுகளில் உழைத்து, 'பாஸ் கிலாங்' எனப்படும் ஆலைப் பேருந்துகளில் இரவிலும் பயணம் செய்து, சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பிய அப்பெண்களுக்கு, ஊரார் சூட்டிய பெயர் 'மினா காரான்'. மின்சாரத்தைத் தமிழர் 'கரண்டு' என்பதுபோல மலாய்க்காரர் 'காரான்' என்பர்; மினா, எளிய வீட்டுப் பெண்களின் பெயர். ஒரு மாநிலத்தைத் தூக்கி நிறுத்தியவர்களை இப்படி ஏளனமாக அழைத்தது பெரும் அநீதி. அவர்களது சம்பளத்தில் தம்பி தங்கையர் படித்த குடும்பங்கள் வடமாநிலங்கள் முழுவதும் உள்ளன. இன்று அவ்விருக்கைகளில் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் போன்ற நாடுகளிலிருந்து வந்தோரும் அமர்ந்திருக்கிறார்கள்.

தமிழர் தொகை இவ்வட்டாரத்தில் குறைவே எனினும், ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பொறியாளர்களாகவும் தொழிலாளர்களாகவும் அவர்கள் பரவியுள்ளனர். சுங்கை ஆராவில் தமிழ்ப்பள்ளி இயங்குகிறது. இரவு ஷிப்டு முடித்து வருவோர் தேடிச் செல்லும் நாசி கண்டார், ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவடிக் கம்பில் கூடைகளைத் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற சோறும் குழம்புமே ஆகும். தோளில் சுமப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே 'கண்டார்'.

வயல்கள் மறைந்தபின்னும் மறையாதிருப்பது கரையோர மீன்பிடிப்பு. தெலுக் கும்பார், சுங்கை பத்து, பெர்மாத்தாங் டாமார் லாவுட் ஆகிய துறைகளின் மீனவர்கள், வெளிப்பொருத்து இயந்திரம் கொண்ட சிறு படகுகளில், கரைக்கு அண்மையான ஆழமற்ற சேற்றுக் கடலிலேயே தொழில் செய்கிறார்கள். இறால் பிடிப்பதற்கு அவர்கள் வீசும் மூன்றடுக்கு வலையில், வெளி அடுக்குகள் இரண்டும் பெரிய கண்ணும் நடு அடுக்கு சிறிய கண்ணும் கொண்டவை. பெரிய கண்ணில் நுழையும் இறால் நடு அடுக்கைத் தள்ளிக்கொண்டு போய்ப் பையில் விழுந்ததுபோல் சிக்கும். சேற்றுத் தரைதான் இறாலுக்கும் நண்டுக்கும் நாற்றங்கால் என்பதால், அத்தரையை மூடினால் வலையின் நுட்பம் எதுவும் உதவாது.

அந்தத் தரையில்தான் இப்போது மண் கொட்டப்படுகிறது. போக்குவரத்துத் திட்டங்களுக்குப் பணம் திரட்டவும் தொழிலுக்கு நிலம் சேர்க்கவும், தென்கரைக்கு அப்பால் சுமார் 4,500 ஏக்கரில் மூன்று செயற்கைத் தீவுகளை எழுப்ப மாநில அரசு திட்டமிட்டது. தமிழ்நாட்டில் பிறந்து பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்தி 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் இதனை உறுதியாக எதிர்த்தார். சுற்றுச்சூழல் ஒப்புதல் 2019இல் வழங்கப்பட்டது. மீனவர் தரப்பின் மேல்முறையீட்டை அடுத்து 2021இல் நீக்கப்பட்டது. பின்னர் மீண்டும் கிடைத்தது. 2023இல் கூட்டரசு மூன்றை ஒன்றாகக் குறைத்தபின், சுமார் 2,300 ஏக்கர் கொண்ட 'சிலிக்கோன் தீவு' பணி அதே ஆண்டு தொடங்கியது. இழப்பீட்டின் ஒரு பகுதியாக மீனவர்களுக்குப் புதிய படகும் இயந்திரமும் அறிவிக்கப்பட்டுள்ளன. ஆனால் இறால் விளையும் சேற்றை விட்டுத் தொலைவு போக நேரும்போது, கூடுதல் எரிபொருள் செலவும் அறியாத நீரின் ஆபத்தும் அந்தப் படகிலேயே ஏறிக்கொள்கின்றன.